ஆச்சி வீட்டு முடுக்கு புத்தக அலமாரிக்குள் வருமா?

தக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஜப்பானியத் தெரு போன்ற ஒரு புக் நூக் கிட் வாங்கியிருக்கிறோம். அதை அப்படியே செய்வதா, இல்லை, இரணியலில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் ஆச்சி வீட்டு முடுக்காக மாற்றிச் செய்ய முடியுமா? நம் ஊர் மழைக்கு இது தாங்குமா?”

வாங்கிய கிட்டை எதையும் மாற்றாமல் அப்படியே செய்து முடியுங்கள். ஆச்சி வீட்டு முடுக்கை, அதாவது அந்தக் குறுகிய சந்தை, அதன் மேல் ஒட்டுப்போட்டுச் செய்யாமல், இரண்டாவது பெட்டியாக உங்கள் அளவில் தனியாகக் கட்டுங்கள். மழைக்குத் தாங்க வைக்கலாம், ஆனால் அந்த வேலையை முதல் நாளே தொடங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் செய்கிறவர்கள் இரண்டாவது பெட்டி வரை போவதில்லை.

புத்தக வரிசையின் நடுவே, தடித்த ஒரு புத்தகம் நிற்கும் இடத்தில் செருகி வைக்கும் சிறு காட்சிப் பெட்டிதான் புக் நூக். மொண்டே என்ற பெயரில் இயங்கும் ஜப்பானியக் கலைஞர் ஒருவர் டோக்கியோவின் சந்துகளைப் புத்தக அலமாரிக்குள் வைத்துக் காட்டிய படங்கள் 2018-இல் இணையத்தில் பரவிய பிறகே இது உலகம் முழுக்கத் தெரிந்த பொழுதுபோக்காயிற்று. பின்னர் ரோலைஃப், க்யூட்பீ போன்ற சீன நிறுவனங்கள் லேசரில் வெட்டிய மரத்தகடுகள், அச்சிட்ட தாள்கள், எல்இடி விளக்குகள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கின. நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேலை முற்றிலும் புதியதன்று. மார்கழியில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கைகள் இங்கே ஏராளம். வைக்கோல் கூரையும் காகித மலையும் கண்ணாடித் துண்டில் குளமும் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை தெரியும். ஆனால் குடிலை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் குனிந்தும் பார்ப்பார்கள், புக் நூக்கை ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு செ.மீ. அகலமுள்ள அந்த ஒற்றை வாசலுக்காகவே உள்ளே உள்ள ஒவ்வொன்றும் நிறுத்தப்பட்டிருக்கும். கிட்டைச் செய்யும்போது உங்கள் மகள் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். எந்தச் சுவர் எதை மறைக்கிறது, கண்ணாடி எங்கே ஒளிந்திருக்கிறது, விளக்கு எந்த உத்தரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள, வேறொருவர் யோசித்து வெட்டித் தந்த பெட்டியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. முதல் கிட்டை மாற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

செய்யும்போது சில பழக்கங்களைக் கைக்கொண்டால் போதும். தகட்டிலிருந்து எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே பிரித்துக் கொட்டிவிடக் கூடாது. எண்கள் பெரும்பாலும் துண்டின் மேல் இல்லாமல் பக்கத்திலுள்ள தகட்டில்தான் அச்சாகியிருக்கும், பிரித்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. லேசர் வெட்டிய ஓரங்களில் கரி இருக்கும், அது விரலில் ஒட்டி அச்சுத்தாளைக் கறையாக்கும் என்பதால் ஒவ்வொரு ஓரத்தையும் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். எந்தச் சுவரையும் ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். சுவரை மூடுமுன் வயர்களை இணைத்து விளக்குகளை எரியவிட்டுப் பார்க்க வேண்டும், மூடிய பிறகு எரியாத ஒரு விளக்கைத் தேடி எடுப்பது முழுப்பெட்டியையும் உடைப்பதற்குச் சமம்.

பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் ஃபெவிகால் நல்லது, ஆனால் அது நீர் கலந்த பசை. தாளின் மேல் தடவினால் தாள் உப்பிச் சுருங்கும், ஆகவே மரத்தின் மேல் பல்குச்சியால் மிக மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் தாளை வைத்து உலர்ந்த துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவ வேண்டும். அக்ரிலிக் சன்னலுக்கு அருகில் ஃபெவிக்விக்கைக் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அக்ரிலிக்கின் மேல் வெண்மையான படலமாகப் படியும், நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் படலமும் அதிகம். செல்போன் பழுதுபார்ப்பவர்கள் டிஸ்ப்ளே ஒட்டப் பயன்படுத்தும் பி-7000 என்ற பசை மெதுவாக உலரும், ஆனால் படலம் விடாது.

மழையைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதலில் செய்த கிட்டை ஐப்பசியில் தொடங்கினேன். மூன்று வாரம் மாலை மாலையாக உட்கார்ந்து செய்து, பக்கவாட்டுச் சுவர்கள் இரண்டுக்கும் உள்பக்கம் மட்டும் அழகாக வண்ணம் பூசி, வெளிப்பக்கம் அலமாரியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று வெறும் மரமாகவே விட்டுவிட்டேன். நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு சுவர்களும் வில்லைப்போல் வெளிநோக்கி வளைந்து, நடுவிலிருந்த மாடிப்படியை இழுத்துப் பிளந்திருந்தன. வண்ணம் பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்தது, பூசிய பக்கம் விரியவில்லை, தகடு வளைந்தது. இரண்டு மி.மீ. கனமுள்ள மரத்தகட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு பூச்சு இருந்தால் இந்த வளைவு பெருமளவு நின்றுவிடும். அன்று முதல் எந்தத் தகட்டையும் எடுத்தவுடன் இரண்டு பக்கமும் ஓரங்களும் நனையுமாறு ஒரு சுற்று வார்னிஷ் பூசி, உலர்ந்ததும் கனமான அகராதிகளுக்கு அடியில் இரண்டு நாள் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அச்சுத்தாள் ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் பூச்சின் மேல் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் பசை பிடிக்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான் பெருமழை. நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலா மழை என்னும் ஐப்பசி மழையும் உண்டு. ஆனியிலும் ஈரம், ஐப்பசியிலும் ஈரம் என்னும்போது பெட்டி உலர்ந்திருக்கும் மாதங்கள் குறைவு. எனவே கிட் வாங்கியதும் மாசி, பங்குனி போன்ற வெயில் மாதங்களில் கட்டுவது நல்லது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரி வைக்கும் தகட்டைத் துருப்பிடிக்கவும், செம்பு வயரின் முனையைப் பச்சை பூக்கவும் செய்யும் என்பதால் இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடிவிடுவது அவசியம். இராமபாணப் பூச்சி அச்சுத்தாளையும் மாவுப்பசையையும் தின்னும், ஆகவே வீட்டில் காய்ச்சிய மாவுப்பசையை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

இனி ஆச்சி வீட்டு முடுக்குக்கு வருவோம். அதைத் தனிப் பெட்டியாகக் கட்டச் சொல்வதற்கு முக்கியமான காரணம் நம் புத்தகங்களின் அளவு. கடைகளில் வரும் கிட்டுகள் பெரும்பாலும் 24, 25 செ.மீ. உயரமும் 18 முதல் 20 செ.மீ. ஆழமும் கொண்டவை. தமிழ்ப் புத்தகங்களோ பெரும்பாலும் டெமி அளவில், அதாவது ஏறக்குறைய 21.5 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமுமாக, அல்லது கிரவுன் அளவில் 18-க்கு 12 செ.மீ. ஆக இருக்கின்றன. டெமி புத்தகங்களின் நடுவே அந்தக் கிட்டை வைத்தால் மேலே மூன்று செ.மீ. தலை நீட்டும், முன்னால் நான்கைந்து செ.மீ. துருத்தும். புக் நூக்கின் மாயமே அது புத்தகமாக நின்று கொண்டே புத்தகமில்லாமல் இருப்பதுதான், துருத்திக்கொண்டு நின்றால் அது வெறும் பொம்மைப் பெட்டி. ஆகவே உங்கள் இரண்டாவது பெட்டியின் வெளியளவை 21.5 செ.மீ. உயரம், 14 செ.மீ. ஆழம், 12 செ.மீ. அகலம் என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். பென்சிலை எடுக்கும் முன்பு செய்ய வேண்டிய முடிவு அது ஒன்றே.

அடுத்தது விகிதம். பொம்மை வீடு கட்டுபவர்கள் உலகெங்கும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தை, அதாவது ஓரடியை ஓரங்குலமாக்குவதைப் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். புத்தக அலமாரிக்கு அது பெரிது. அதில் பாதியான 1:24 நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆறடி அகலமுள்ள முடுக்கு 1:24-இல் 7.6 செ.மீ. ஆகும். ஐந்தரை அடி உயரமுள்ள பழைய தலைகுனி வாசல் 7 செ.மீ. ஆகும். ஒன்றரை அடித் திண்ணை 1.9 செ.மீ. உயரம் வரும். பன்னிரண்டு செ.மீ. அகலப் பெட்டியில் பக்கத்துச் சுவர்கள் மும்மூன்று மி.மீ. போக உள்ளே 11.4 செ.மீ. இருக்கும், அதில் முடுக்குக்கு 7.6 கொடுத்தால் திண்ணைக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் 3.8 செ.மீ. மிஞ்சுகிறது. இரணியல் முடுக்கு ஏதோ இதற்காகவே அளந்து விட்டதுபோல் அமைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறைச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் என்றதும் திருவள்ளுவர் சிலையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சுசீந்திரம் கோபுரத்தையும் பெட்டிக்குள் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். பீடத்தோடு சேர்ந்து 133 அடி உயரமுள்ள சிலை 1:24-இல் 1.69 மீட்டர் வரும், அது அலமாரியையே தாண்டிவிடும். தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, அதுவும் அப்படித்தான். நம் ஊரின் அடையாளங்கள் எல்லாம் ஆகாயத்தையும் கடலையும் பின்னணியாகக் கொண்டு எழுந்து நிற்பவை. புக் நூக்குக்கோ இரண்டு பக்கமும் சுவர் வேண்டும், மேலே கொஞ்சம் வானம் போதும். ஆகவே இந்தப் பெட்டிக்கு உகந்தவை குறுகலான இடங்கள்: அக்ரஹாரத்து வீடுகளின் இடைவழி, கோட்டாற்றுக் கடைச்சந்து, பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண் வரிசை, வேலிக்கும் வேலிக்கும் நடுவே இறங்கும் இடவழி, பிறகு உங்கள் ஆச்சி வீட்டு முடுக்கு. உங்கள் தேர்வு மிகச் சரியான தேர்வு என்று நான் மனதாரச் சொல்வேன்.

வீடு இடிந்துபோயிற்றே, அளவுக்கு எங்கே போவது என்று தோன்றலாம். பழைய புகைப்படம் ஒன்றில் ஓட்டுக்கூரையின் ஓரம் தெரிந்தால் போதும். மங்களூர் ஓடு ஏறக்குறைய 41 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் உடையது, மேல்ஓடு கீழ்ஓட்டை மூடியது போக வெளியே தெரிவது சுமார் 32-க்கு 20. கூரையோரத்தில் எத்தனை ஓடு என்று எண்ணினால் சுவரின் நீளம் கிடைத்துவிடும், அதே படத்தில் சன்னலுக்கு மேல் எத்தனை ஓடு வருகிறது என்று பார்த்தால் சன்னலின் அகலமும் கிடைத்துவிடும். படமும் இல்லையென்றால் நினைவை அளவுகோலாக்கலாம். உங்கள் அம்மாவிடமோ மாமாவிடமோ “திண்ணை எத்தனை அடி?” என்று கேட்டால் பதில் வராது. “திண்ணையில உட்காந்தா கால் தரையில எட்டுமா? எட்டாம் வகுப்புப் படிக்கையில எட்டிச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டு பேரு எதிரும் புதிருமா வந்தா ஒருத்தரு திண்ணையில ஏறணுமா?” என்று கேளுங்கள். என் பெரியம்மாவிடம் இப்படிக் கேட்டபோது அவர் எழுந்து நின்று, வலது கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே நீட்டி, “விளக்கு மாடம் இங்ஙன இருந்து” என்று காட்டினார். அவர் உயரத்தை அளந்து, தரையிலிருந்து கை வரை அளந்தேன், 118 செ.மீ. வந்தது. பெட்டியில் அது 4.9 செ.மீ. மாடத்தை அந்த உயரத்தில் குடைந்து வைத்துக் காட்டியபோது அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

அளவு தெரிந்த பிறகு வரும் சிக்கல் ஆழம். பதினான்கு செ.மீ. என்பது 1:24-இல் பதினோரு அடிதான், பதினோரு அடி முடுக்கு முடுக்கே இல்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவது, தொலைவில் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரியும் என்பதைப் பெட்டிக்குள்ளேயே கட்டிவிடுவது. வாசற்பக்கத்தில் 1:24 என்று தொடங்கி, பின்முனையில் 1:48 என்று முடியுங்கள். முன்கதவு 7 செ.மீ. என்றால் பின்கதவு 3.5 செ.மீ., முன்னே 7.6 செ.மீ. அகலமுள்ள முடுக்கு பின்னே 4 செ.மீ. அளவுக்குக் குறுகும், ஓடுகளும் வரிசைக்கு வரிசை சிறுக்கும், தரை பின்னோக்கி ஒரு செ.மீ. உயரும், கூரையோரம் பின்னோக்கித் தாழும். எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியை நோக்கி ஓட வேண்டும், அந்தப் புள்ளி பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். அதனால்தான் பெட்டி எந்தத் தட்டில் நிற்கப்போகிறது என்பதை முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன். நின்று பார்ப்பவரின் கண் மட்டத்துத் தட்டுக்குக் கட்டிய பெட்டியை முழங்கால் மட்டத்துத் தட்டில் வைத்தால் தரை மலையேறுவதுபோல் தெரியும்.

இரண்டாவது வழி கண்ணாடி. பின்சுவரில் நேராக ஒரு கண்ணாடியை ஒட்டினால் ஆழம் இரட்டிக்கும் என்பது உண்மைதான், ஆனால் குனிந்து பார்ப்பவர் தம் முகத்தையே முடுக்கின் முடிவில் காண்பார். கண்ணாடியை 45 பாகை சாய்த்து நிறுத்தினால் அது முன்னால் இருப்பதைக் காட்டாமல் பக்கத்தில் இருப்பதைக் காட்டும், முடுக்கு அங்கே திரும்பிப் போவதாகக் கண் நம்பிவிடும். நான்கு செ.மீ. அகலமுள்ள முனைக்கு 5.7 செ.மீ. அகலத் துண்டு வேண்டும், ஆழத்தில் நான்கு செ.மீ. இதற்குச் செலவாகும். பின்முனையை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால் மறுபக்கச் சுவருக்குப் பின்னால் ஆறு செ.மீ. வரை இடம் கிடைக்கும். அந்த மறைவிடத்தில் ஒரு கிணற்றுத் தொட்டியையோ ஒரு வாழையையோ ஒரு மஞ்சள் விளக்கையோ வைத்தால் அது நேரில் தெரியாது, கண்ணாடியில் மட்டும் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியைவிட அக்ரிலிக் கண்ணாடி வெட்டுவதற்கு எளிது, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டிய மிச்சத் துண்டுகள் கேட்டால் கிடைக்கலாம். கண்ணாடியின் இரண்டு ஓரங்களையும் ஒரு தூணாலும் ஒரு கதவு நிலையாலும் மறைக்காவிட்டால் எல்லா உழைப்பும் வீண்.

பொருள்களைப் பொறுத்தவரை, சொந்தமாகக் கட்டும் பெட்டிக்கு மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன், நம் ஈரத்தில் அதன் ஓரம் பிஸ்கட் போல் உப்பிவிடும். பெயர்ப்பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்போர்டு என்ற பிவிசி பலகை 3 மி.மீ., 5 மி.மீ. கனங்களில் வருகிறது. சாதாரணக் கட்டரால் வெட்டலாம், ஈரம் குடிக்காது, வளையாது, கறையானுக்கும் வேலையில்லை. ஃபெவிகால் அதில் சரியாகப் பிடிக்காது என்பதால் பி-7000 வகைப் பசைதான் வேண்டும். அதன் வழவழப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் அக்ரிலிக் பட்டியை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினால் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேடுபள்ளம் அப்படியே வரும். உலர்ந்த பின் நீர்த்த கட்டன் சாயாவை (பால் சேர்க்காத தேநீர்) தூரிகையால் கூரையோரத்திலிருந்து கீழே வழிய விட்டால் மழைக்கறை தானாக உண்டாகும். தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு மட்டும் பச்சையும் கறுப்பும் கலந்து தொட்டுவைத்தால் பாசி. சுவர் முழுக்கப் பாசியை அப்ப வேண்டாம், நீர் தெறிக்கும் இடத்தில்தான் அது படரும்.

ஓட்டுக்குத் தடித்த சார்ட் அட்டை போதும். ஓட்டின் முழுவளவு முன்வரிசையில் 17-க்கு 10 மி.மீ. வரும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நெடுக்கே இரண்டு பள்ளம் அழுத்திவிட்டு, செங்காவி நிறத்தை ஒரே சீராகப் பூசாமல் மூன்று கலவையாகப் பிரித்துப் பூசுங்கள். முன்பக்கத்திலிருந்து பின்னால் போகப் போக ஓடு சிறுக்க வேண்டும் என்பதால் முதலில் ஒரு தாளில் வரிசைகளை வரைந்து எண்ணிக் கொள்ளுங்கள், ஒரு பக்கக் கூரைக்கு எண்பது முதல் நூறு ஓடு வரை ஆகும். கூரைக்கு அடியில் கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) தெரியும் இடத்தில் மட்டும் கழுக்கோலும் அதன் குறுக்கே ஓடும் பட்டியல் மரமும் வையுங்கள், தெரியாத இடத்தில் வைத்துப் பயனில்லை. சன்னல் அழிக்கு, அதாவது சன்னலின் மரக்கம்பிக்கு, தென்னை ஈர்க்கிலைவிட நல்ல பொருளை நான் இதுவரை கண்டதில்லை. ஒன்றரை மி.மீ. கனமுள்ள ஈர்க்கில் இந்த விகிதத்தில் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. கன அழியாகிறது, நம் வீடுகளில் இருந்ததும் அந்தக் கனம்தான். நன்றாக வெயிலில் காய்ந்ததை எடுத்து, வார்னிஷில் முக்கி உலர்த்திய பின் பயன்படுத்தினால் பூசணம் பிடிக்காது. கிணற்றுக் கயிற்றுக்குத் தேங்காய்த் தும்பின் ஒரே ஒரு இழையைப் பிரித்துத் திரித்துக்கொள்ளலாம்.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடற்கரையிலிருந்து மணல் அள்ளிவந்து தரையில் ஒட்டாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வயரையும் அரிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் தோரியம் அடங்கிய மோனசைட் உண்டு என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதைவிட, மணல் இந்த விகிதத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது. அரை மி.மீ. மணற்பரல் 1:24-இல் பன்னிரண்டு மி.மீ. சரளைக்கல்லாகத் தெரியும். தோட்டத்துச் செம்மண்ணை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுத்த பொடிதான் முடுக்கின் தரைக்கு ஏற்றது. நீர்த்த ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசி அதன்மேல் தூவி, மறுநாள் தட்டிவிட்டால் போதும்.

விளக்கில்தான் பெட்டி உயிர் பெறுகிறது, கெடுவதும் அதில்தான். ஆச்சி வீட்டு முடுக்கில் என்ன விளக்கு எரிந்தது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். குண்டு பல்பு என்றால் மஞ்சள் கலந்த வெள்ளை, டியூப் லைட் என்றால் நீலம் கலந்த வெள்ளை, தெருக் கம்பத்தில் சோடியம் விளக்கு என்றால் ஆரஞ்சு. மூன்றையும் கலந்துவிடாமல் ஒன்றைப் பிரதானமாக்க வேண்டும். எல்இடியின் முனை நேராகக் கண்ணில் படக் கூடாது, கூரையோரத்துக்குப் பின்னால் மறைத்து, முன்னே ஒரு துண்டு பட்டர் பேப்பரை ஒட்டிவிட்டால் ஒளி சுவரில் பரவும். நான் பெரும்பாலும் மூன்றே விளக்கு வைக்கிறேன்: ஒரு வீட்டுச் சன்னலுக்குள் ஒன்று, கண்ணாடி காட்டும் மறைவிடத்தில் ஒன்று, மாடத்தில் மிக மங்கலாக ஒன்று. முன்வாசலை இருட்டாக விடுங்கள், பின்னால் வெளிச்சம் இருந்தால் கண் உள்ளே போகும்.

மின்சாரக் கணக்கு எளிதுதான். பல கிட்டுகளில் வரும் சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு. ஒவ்வொன்றும் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஐந்து விளக்குகள் இருந்தால் கணக்கின்படி ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு, நடைமுறையில் அதற்கு முன்பே மங்கிவிடும். இரண்டு ஏஏஏ பேட்டரிகளும் அதே 3 வோல்ட்தான், ஆனால் பல மடங்கு நேரம் தாங்கும். செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுப்பதானால் ஒவ்வொரு வெள்ளை எல்இடிக்கும் தனியாக 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரிசையில் போட வேண்டும், 3 வோல்ட்டுக்கான கிட் விளக்கை நேராகச் சார்ஜரில் கொடுத்தால் கருகிப்போகும். பவர் பேங்க் சரிவராது, இவ்வளவு குறைந்த மின்சாரம் இழுத்தால் அது தானாக அணைந்துவிடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பட்டன் பேட்டரியை விட்டே விடுங்கள். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகிவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடுக்கு முடிந்த பிறகு மகளுக்கு ஆசை வளர்ந்தால் அடுத்ததாகப் பத்மநாபபுரம் அரண்மனையைச் சொல்வேன், தக்கலையில் இருப்பவர்களுக்கு நடக்கும் தூரம்தானே. அங்கே கருப்பாகப் பளபளக்கும் தரையைக் கவனிக்கச் சொல்லுங்கள். தூணும் வெளிச்சமும் அதில் தலைகீழாகத் தெரியும். இரண்டு மி.மீ. கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்றைத் தரையாகப் போட்டால் அந்தப் பளபளப்பு எந்த வண்ணமும் இல்லாமல் கிடைக்கிறது, தூண்களின் உயரமும் கண்ணுக்கு இரட்டிப்பாகிறது. நான் அதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன், தூண்களைக் கடைந்து முடிக்கவே இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

ஆச்சி வீட்டு முடுக்கில் என்னென்ன பொருள் வைப்பது என்பதில் மட்டும் கையை இறுக்கிப் பிடியுங்கள். சைக்கிள், அம்மி, கோழிக்கூடு, துளசிமாடம், கொடியில் துணி, தென்னந்துடைப்பம் என்று நினைவில் வருவதெல்லாம் 1:24-இல் செய்யத்தக்கவைதான், ஆனால் எல்லாவற்றையும் வைத்தால் 7.6 செ.மீ. முடுக்கில் நடக்க இடமிருக்காது, கண்ணாடிக்குப் போகும் பார்வையும் மறையும். திண்ணைமேல் ஒன்று, தரையில் ஒன்று, சுவரில் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் பொம்மை வேண்டாம் என்பது என் கருத்து. நடையில் கழற்றிப்போட்ட ஒரு ஜோடி செருப்பு, 1:24-இல் ஒரு செ.மீ. நீளம், அட்டையில் வெட்டினால் போதும், வீட்டுக்குள் ஆள் இருப்பதை அது சொல்லிவிடும். கூரையையும் பின்பலகையையும் ஒட்டிவிடாதீர்கள். நான்கு சிறு திருகாணிகளோ காந்தத் துண்டுகளோ வைத்துத் திறக்கும்படி விட்டால் பேட்டரி மாற்றவும், மழைக்காலம் முடிந்ததும் உள்ளே ஒருமுறை வெயில் காட்டவும் வசதியாக இருக்கும். இரணியலுக்குப் போனால், இடித்த இடத்தில் உடைந்த ஓடு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். அதை அம்மியில் பொடித்துச் சலித்து, ஓட்டுக்குப் பூசும் செங்காவியில் கலந்துகொள்ளலாம், நிறம் சரியாக வரும்.